பெட்டிக்கு எவ்வளவு, படத்துக்கு எவ்வளவு?

சகோதரி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் அது உதவும். நீங்கள் பெங்களூரு லிங்கராஜபுரத்தில் இருக்கிறீர்கள். அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர், எண்பதைத் தாண்டிவிட்டார். தன்னை அடக்கம் செய்யும் பெட்டியின் மேல் ஷாஃப்ட் கோபுரமும் (சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் குழியின் மேல் நிற்கும் கோபுரம்) தொப்பி விளக்கும் வரைந்திருக்க வேண்டும் என்று தெளிந்த மனதோடு சொல்லியிருக்கிறார். கடையில் விசாரித்தபோது 95,000 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் தம்பியோ, “தகனம் செய்து அழகான கலசத்தில் வைத்துவிடலாம்” என்று படங்களை அனுப்பிக்கொண்டிருக்கிறார். எதைச் செய்வது, இவ்வளவு செலவு தகுமா என்று கேட்கிறீர்கள்.

அப்பாவின் ஆசையை நிறைவேற்றுங்கள், ஆனால் 95,000 கொடுக்காதீர்கள். அவர் கேட்பது ஒரு படம். கடைக்காரர் விற்கப் பார்ப்பது ஒரு மரப்பெட்டி. கல்யாணச் சாப்பாட்டு விலையில் பந்தல் செலவையும் சேர்த்துச் சொல்வதுபோல, இந்த இரண்டையும் ஒரே விலையில் கட்டிவிடுகிறார்கள். பிரித்துப் பார்த்தால்தான் உண்மையான செலவு தெரியும்.

எங்கள் சபையின் அடக்க உதவிக் குழுவில் நான் பல ஆண்டுகளாக இருக்கிறேன். துக்கத்தில் இருக்கும் குடும்பத்தோடு கடைக்குப் போய்ப் பெட்டி எடுப்பது, கல்லறைத் தோட்டத்தில் குழிக்கு ஏற்பாடு செய்வது எல்லாம் எங்கள் வேலை. அந்த அனுபவத்தில் நான் பார்த்த விலைகளைச் சொல்கிறேன். கடைக்குக் கடை இவை மாறும், ஆனாலும் ஓர் அளவு பிடிபடும். சாதாரணப் பலகையில் செய்து, வெள்ளைத் துணி உள்ளே தைத்து, சிலுவை பதித்த பெட்டி 6,000 முதல் 12,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. குடகு, சிக்கமகளூர் காபித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தில் பாலிஷ் போட்டு, நல்ல கைப்பிடியோடு செய்தால் 15,000 முதல் 25,000 வரை. தேக்கு என்றால் 40,000இல் தொடங்கும். அதற்கு மேல் இருப்பது வெளிநாட்டுப் பாணிப் பெட்டி: நீள்சதுர வடிவம், இரண்டாகத் திறக்கும் மூடி, பொன்னிறக் கைப்பிடிகள், உள்ளே மெத்தையும் சாட்டின் துணியும். உங்களுக்குச் சொன்ன விலை இந்த வகையைச் சேர்ந்தது என்று நினைக்கிறேன்.

இப்போது படத்துக்கு வாருங்கள். கடைப்பலகை எழுதும் ஓவியர் ஒருவர் மூடியின் மேல் எண்ணெய் வண்ணத்தில் ஷாஃப்ட் கோபுரம் வரைய 3,000 முதல் 5,000 ரூபாய் வாங்குவார். பெயரும் ஆண்டுகளும் பொறித்த பித்தளைத் தகடு ஆயிரம் ரூபாய் அளவில் முடிந்துவிடும். இயந்திரத்தில் மரத்தைக் குடைந்து செதுக்கினால் கொஞ்சம் கூடுதல். ஆக, நல்ல சில்வர் ஓக் பெட்டி, கையால் வரைந்த படம், பெயர்த்தகடு எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 30,000 ரூபாயில் முடிந்துவிடும். மீதி அறுபத்தைந்தாயிரத்துக்கும் உங்கள் அப்பாவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வேறு எந்தக் குடும்பம் அந்தப் பெட்டியை வாங்கினாலும் அதே மெத்தைதான், அதே பொன்னிறக் கைப்பிடிதான்.

இதைவிடவும் எளிதான ஒரு வழியை நான் சொல்வேன். பெட்டியை இப்போதே செய்து வைக்காதீர்கள். வீட்டில் வைக்க மனம் ஒப்பாது. ஒப்பினாலும் இந்த ஊர் மழையில் மரம் ஈரம் குடிக்கும், கரையான் வரும். பெட்டியின் அளவும் கடைசி நேரத்தில்தான் உறுதியாகும். அதற்குப் பதிலாக இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் ஒரு மெல்லிய மரப்பலகை வாங்கி, அதில் மட்டும் படத்தை வரைந்து வையுங்கள். நாள் வரும்போது எந்தக் கடையில் எந்தப் பெட்டி எடுத்தாலும் நான்கு திருகாணியில் மூடிமேல் பொருத்திவிடலாம். அவசரம் இல்லை, கடைக்காரரின் தயவு தேவையில்லை. குழியில் இறக்கும் முன் கழற்றி எடுத்துக்கொள்வதா, அவரோடே போகட்டுமா என்பதையும் அப்பாவையே கேட்டு முடிவு செய்யலாம். இந்தப் பலகையைப் பேரப்பிள்ளைகள் வரைந்தால் இன்னும் நல்லது. கோடு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிலர் இதை முதுமையின் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தங்கவயலில் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. உலகத்திலேயே மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று அது. பாறை வெடிப்பும் வெக்கையும் தூசியும் சூழ அங்கே இறங்கி வேலை செய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அதன் பிறகு ஊரே சிதறியது. மாரிக்குப்பம் ரயிலில் தினமும் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிறவர்கள் ஒரு பக்கம், உங்களைப் போல இங்கேயே குடியேறிவிட்டவர்கள் இன்னொரு பக்கம். இங்கே ஒரு முதியவர் இறந்தால் அடுத்த வீட்டுக்காரருக்கு அவர் யாருடைய அப்பா என்று தெரியும், என்ன வேலை செய்தார் என்று தெரியாது. தங்கவயலிலேயே இறந்திருந்தால் அந்தப் படம் தேவைப்பட்டிருக்காது, தெருவுக்கே அவரைத் தெரிந்திருக்கும். இங்கே பெட்டியைச் சுற்றி நிற்பவர்களுக்குத் தான் யார் என்று சொல்லிவிட்டுப் போக அவர் விரும்புகிறார். அந்த விருப்பத்தை நான் முழுமனதோடு மதிக்கிறேன்.

இதற்குப் பெரிய முன்னோடிகள் கானா நாட்டில் இருக்கிறார்கள். தலைநகர் அக்ராவையொட்டிய டெஷி என்ற கடலோர ஊரில், கா இனத்தாரிடையே, இறந்தவரின் வாழ்க்கையைச் சொல்லும் உருவத்திலேயே பெட்டி செய்யும் தச்சுப் பட்டறைகள் உண்டு. மீனவருக்கு மீன், கொக்கோ விவசாயிக்குக் கொக்கோ காய், ஓட்டுநருக்கு அவர் ஓட்டிய வண்டி. சிங்கம் போன்ற சில உருவங்கள் தலைவர்களுக்கு மட்டுமே உரியவை. இதைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் சேத் கேன் குவே என்ற தச்சர். விமானங்கள் பறப்பதைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்து, ஒருமுறையும் ஏறாமலே இறந்துபோன தன் பாட்டிக்கு அவர் 1950களின் தொடக்கத்தில் விமான வடிவில் பெட்டி செய்தார் என்று சொல்வார்கள். 1989இல் பாரிஸ் கண்காட்சியில் அவருடைய பெட்டிகளை வைத்தார்கள். இன்று அருங்காட்சியகங்கள் அவற்றை வாங்குகின்றன. கவனியுங்கள், அங்கே அவர்கள் பெட்டிக்குப் பயன்படுத்துவது பெரும்பாலும் எளிதாகச் செதுக்கக்கூடிய, விலை குறைந்த மரம். மதிப்பு முழுவதும் தச்சரின் கையிலும் அந்த உருவத்திலும் இருக்கிறது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே ஒரு பெட்டியின் சராசரி விலை 2,000 டாலரைச் சற்றுத் தாண்டும் என்றும், மகோகனி, வெண்கலம், செம்பு ஆகியவற்றில் செய்தவை 10,000 டாலர் வரை போகும் என்றும் அந்நாட்டு அரசின் வணிக ஆணையமே மக்களுக்கு எச்சரிக்கை செய்கிறது. 1984 முதல் அங்கே ஒரு விதி இருக்கிறது. இறுதிச் சடங்கு நிறுவனங்கள் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி விலைப்பட்டியல் காட்ட வேண்டும். வெளியே வாங்கிய பெட்டியைக் கொண்டுவந்தால் மறுக்கக் கூடாது, அதற்காகக் கட்டணமும் வாங்கக் கூடாது. மூடியில் ரப்பர் பட்டை வைத்த பெட்டி உடலைக் கெடாமல் காக்கும் என்று சொல்லி விற்பதையும் அந்த விதி தடை செய்கிறது, ஏனென்றால் அது காப்பதில்லை. நம் ஊர்க் கடைகளிலும் இதே பேச்சைக் கேட்கிறேன்: “தண்ணீர் புகாது, நூறு வருடம் இருக்கும்.” நம்பாதீர்கள். இங்கே இறுதிச் சடங்குக்கென்று அப்படி ஒரு தனி விதி இல்லாததால் நீங்கள்தான் கேட்க வேண்டும். மரம் எவ்வளவு, கைப்பிடி எவ்வளவு, உள்துணி எவ்வளவு, படம் எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையைத் தவிர்த்துவிடுங்கள்.

நூறு வருடம் இருக்கும் பெட்டி நமக்குத் தீங்கும்கூட. பெங்களூரில் கல்லறைத் தோட்டங்களில் இடம் எவ்வளவு நெருக்கடி என்பது உங்களுக்குத் தெரியும். ஓசூர் சாலையிலும் கல்பள்ளியிலும் பெரும்பாலான குடும்பங்கள் பழைய குடும்பக் கல்லறையையே மறுபடி திறந்து அடக்கம் செய்கின்றன. கீழே இருக்கும் பழைய பெட்டி மண்ணோடு மண்ணாகியிருந்தால்தான் அது நடக்கும். பிளைவுட்டின் மேல் லேமினேட் ஒட்டியது, ஃபைபரில் செய்தது, உலோகத்தகடு அடித்தது எல்லாம் அப்படியே கிடக்கும். உள்ளே வைக்கும் பிளாஸ்டிக் பூவும் பாலியெஸ்டர் துணியும் அப்படித்தான். குழி வெட்டுகிறவர் அதை உடைத்து எடுக்கும் காட்சியை எந்தக் குடும்பமும் பார்க்கக் கூடாது. பருத்தித் துணி, சாதாரண மரம், மெல்லிய வண்ணம் போதும்.

அகலத்தையும் மறக்காதீர்கள். நமக்குப் பழகிய பெட்டி ஆறு பக்கம் கொண்டது, தோள்பட்டை அருகே அகன்று கால் பக்கம் குறுகும். வெளிநாட்டுப் பாணி நீள்சதுரப் பெட்டி தலை முதல் கால் வரை ஒரே அகலம், மூடியும் கைப்பிடியும் வெளியே துருத்தும். செங்கல் கட்டிய பழைய கல்லறைக்குள் அது இறங்காமல் சிக்கியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எடையும் அதிகம். நம் வழக்கத்தில் ஆறு பேர் தோளில் சுமக்கிறார்கள், அவர்களில் பாதிப் பேர் அறுபதைக் கடந்த உறவினர்களாக இருப்பார்கள்.

எளிய பெட்டி என்றால் மரியாதைக் குறைவு என்று யாராவது உறவினர் சொன்னால், போப் பிரான்சிஸைச் சொல்லுங்கள். சைப்ரஸ், ஈயம், ஓக் என்று மூன்று பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்துப் போப்பாண்டவர்களை அடக்கம் செய்த பழைய வழக்கத்தை அவர் 2024இல் மாற்றினார். 2025 ஏப்ரலில் அவரை உள்ளே துத்தநாகத் தகடு வைத்த ஒரே மரப்பெட்டியில் அடக்கம் செய்தார்கள். கல்லறையில் அவர் பெயர் ஒன்றுதான் பொறித்திருக்கிறது.

தம்பியின் யோசனைக்கு வருகிறேன். அவர் தூரத்தில் இருக்கிறார், அப்பாவின் ஏதோ ஒன்று தன்னிடமும் இருக்க வேண்டும் என்று தவிக்கிறார். அந்தத் தவிப்பு நியாயமானது. ஆனால் அவர் அனுப்பும் கலசப் படங்கள் அமெரிக்க முறைக்காகச் செய்தவை. அங்கே தகனத்துக்குப் பிறகு எலும்பை இயந்திரத்தில் அரைத்துப் பொடியாக்கித் தருகிறார்கள். பெரியவர் ஒருவரின் சாம்பல் இரண்டு முதல் மூன்று கிலோ வரும், ஏறக்குறைய 3.3 லிட்டர் கொள்ளும் கலசம் வழக்கமான அளவு. இங்கே மின்மயானத்தில் சாம்பலோடு எலும்புத் துண்டுகளையும் அப்படியே தருகிறார்கள். குறுகிய வாய் கொண்ட அந்தக் கலசங்களில் அவை நுழையாது. வாங்குவதாக இருந்தால் வாய் அகன்றதாக வாங்க வேண்டும். இன்னொன்று, மின்மயானத்தில் பெட்டியோடு உள்ளே அனுப்புவதில்லை, உடலைப் பாடையிலோ பலகையிலோ வைத்துத்தான் தள்ளுகிறார்கள். அப்பா ஆசைப்பட்ட படம் வாசலோடு நின்றுவிடும்.

நீங்கள் எந்தச் சபை என்று எழுதவில்லை. கத்தோலிக்கர் என்றால், 1963 முதல் தகனத்துக்குத் திருச்சபை தடை சொல்வதில்லை, அடக்கம் செய்வதையே விரும்புகிறது. 2016இல் வத்திக்கான் வெளியிட்ட வழிகாட்டலின்படி சாம்பலைக் கல்லறைத் தோட்டம் போன்ற புனித இடத்தில் வைக்க வேண்டும். தூவக் கூடாது, வீட்டு அலமாரியில் வைக்கக் கூடாது, பிள்ளைகளுக்குள் பங்கிடக் கூடாது, நகையில் அடைக்கக் கூடாது. 2023 டிசம்பரில் சிறிது தளர்த்தினார்கள்: இறந்தவரின் வாழ்வில் முக்கியமான ஓர் இடத்தில் மிகச் சிறு பகுதியை வைக்கத் திருச்சபை அதிகாரி அனுமதிக்கலாம். மற்ற சபையினர் தங்கள் ஆயரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தம்பியிடம் இதைச் சொல்லும்போது குறை சொல்வதுபோல் சொல்லாதீர்கள். அவருக்கு அந்தத் தொப்பி விளக்கை எடுத்து வையுங்கள். அப்பா நெற்றியில் கட்டிய விளக்கு எந்தக் கலசத்தையும்விட அவருக்கு நெருக்கமாக இருக்கும். அதைப் பெட்டிக்குள் வைத்துப் புதைத்துவிடாதீர்கள்.

அல்சூர், விவேக் நகர்ப் பக்கமுள்ள இந்துக் குடும்பங்களும் என்னிடம் கலசம் பற்றிக் கேட்பதுண்டு. ஆற்றில் கரைப்பதென்றால் விலை உயர்ந்த கலசம் வீண். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பச்சிம வாகினிக்கோ பவானி கூடுதுறைக்கோ கொண்டுபோய்க் கரைக்கும் வரை சாம்பலைத் தாங்கினால் போதும். பித்தளையும் பளிங்கும் ஆற்றுக்கு வேண்டாம். மெருகு பூசாத மண்கலயம், மேலே கட்டப் பருத்தித் துணி, அவ்வளவுதான் தேவை. தனித்துவமாக இருக்க வேண்டும் என்றால் பாட்டரி டவுனுக்குப் போங்கள். குயவர் குடும்பங்கள் தலைமுறைகளாகச் சக்கரம் சுற்றும் இடம். சொன்ன அளவில் வனைந்து, காய்வதற்கு முன் பெயரையோ கோலத்தையோ கீறித் தருவார்கள். கடையில் விற்கும் பொறிக்கப்பட்ட பித்தளைக் கலசத்தின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

இது நமக்குப் புதிதும் இல்லை. புறநானூற்றின் 256ஆம் பாடலில் கணவனை இழந்த பெண் ஒருத்தி, தாழி, அதாவது இறந்தவரை வைத்துப் புதைக்கும் பெரிய மண்பானை, செய்யும் குயவனைக் கூப்பிட்டு, எனக்கும் இடம் இருக்கும்படி அதை அகலமாக வனைந்து கொடு என்று கேட்கிறாள். தனக்கு வேண்டிய அளவைத் தானே சொல்லித் தாழி கேட்ட அந்தக் குரல் இரண்டாயிரம் ஆண்டுகளாக நம் மொழியில் இருக்கிறது. ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்த தாழிகளுக்குள் பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலப் பொருட்களும் கிடைத்தன. அங்கே கிடைத்த பானை ஓட்டில் பெண், மான் முதலிய உருவங்களை ஒட்டு வேலையாகச் செய்திருந்தார்கள். இறந்தவரோடு அவருடைய உலகத்தையும் சேர்த்து வைக்க வேண்டும் என்று நம் முன்னோரும் நினைத்திருக்கிறார்கள். உங்கள் அப்பா கேட்பதும் அதையேதான்.

விமானத்தில் அஸ்தி கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்க விமான நிலையங்களில் எக்ஸ்ரே ஊடுருவாத கலசத்தைப் பாதுகாப்புச் சோதனையில் விடமாட்டார்கள், மரியாதை கருதித் திறந்தும் பார்க்க மாட்டார்கள். ஆகவே கனமான உலோகக் கலசம் வேண்டாம், மரமோ மெல்லிய பிளாஸ்டிக்கோ பாதுகாப்பானது. இறப்புச் சான்றிதழும் தகனச் சான்றிதழும் கையில் இருக்கட்டும். விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அப்பா நன்றாகப் பேசும் இந்தக் காலத்திலேயே அவரோடு உட்காருங்கள். எந்த ஷாஃப்ட் என்று கேளுங்கள், தங்கவயலில் பல இருந்தன. அவர் இறங்கியது எதுவோ அதன் கோபுரம்தான் வர வேண்டும். பழைய புகைப்படம் இருந்தால் தேடி எடுங்கள், ஓவியருக்கு உதவும். அடுத்து உங்கள் குருவானவரிடமோ ஆயரிடமோ படத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கத்தோலிக்க அடக்கத் திருப்பலியில் பெட்டிமேல் வெள்ளைத் துணி விரிக்கும் வழக்கம் சில ஆலயங்களில் உண்டு. அப்படியானால் வீட்டிலும் கல்லறைத் தோட்டத்திலும் மட்டும் பலகை தெரியும்படி பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவதாக, குடும்பக் கல்லறையின் உள் அகலத்தை அளந்து எழுதி வையுங்கள். அந்த அளவும் படப்பலகையும் கையில் இருந்தால், நாள் வரும்போது வீட்டில் யார் கடைக்குப் போனாலும் அரை மணி நேரத்தில் பெட்டி எடுத்துவிடலாம். இப்போது அந்தக் கடையில் முன்பணம் எதுவும் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டிருந்தால் ரசீது வாங்கி வைத்துக்கொண்டு, நான் சொன்னபடி தனித்தனி விலை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.